‘கூட யாரு வந்திருக்கா?’

குன்னூரோ கோத்தகிரியோ கூடலூரோ, மழை ஈரத்தில் படியில் வழுக்கி விழுந்த ஒரு பாட்டியை 108-இல் ஏற்றிக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலில் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். அது பாட்டியைப் பார்த்து வராது. ஸ்ட்ரெச்சரோடு வந்தவரைப் பார்த்து வரும். மகன் இருந்தால் மகன், இல்லையென்றால் மருமகன், அவரும் இல்லையென்றால் எஸ்டேட் லைன் வீட்டில் அடுத்த கதவுக்காரர். ஒப்புதல் படிவமும் பேனாவும் அவர் கைக்குத்தான் போகும். இவ்வளவுக்கும் பாட்டி கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருப்பார். இடுப்பு ஒடிந்திருக்குமே தவிர, தலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கூட ஆள் வேண்டும் என்பது நியாயம்தான். ரத்தத்துக்கு அலைய, மாத்திரை வாங்க, ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்க யாராவது இருக்க வேண்டும். ஆனால் அந்த ஆளின் கையெழுத்தே நோயாளியின் சம்மதமாக மாறிவிடுகிறதே, கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் இதை உடைத்துச் சொல்லிவிட்டது. 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்து எடுத்துக்கொள்கிறார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே உட்கார்ந்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். உயிர் போகும் அவசரம் எதுவும் இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்காக அவருடைய தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்பது தீர்ப்பு. மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும். பரிசோதனைக்குத் தந்த சம்மதத்தை அறுவைச் சிகிச்சைக்கும் சேர்த்து நீட்டிக்கொள்ளவும் முடியாது.

இதே வரிசையில் இன்னொன்று. 18 வயது நிறைந்த பெண் கருக்கலைப்புக்கு வந்தால் அவருடைய சம்மதம் போதும், கணவர் கையெழுத்தை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கவே இல்லை. மனநோய் உள்ளவருக்கு மட்டும் காப்பாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது. அறிவுசார் குறைபாட்டை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. லேசான அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண் தன் கர்ப்பத்தைத் தொடர விரும்பினார். சண்டிகர் நிர்வாகம் கலைக்கச் சொன்னது. நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது.

சரி, ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழக்கமாக நடப்பது இது: ‘இன்னைக்கு என்ன தேதி? இது எந்த ஊரு? நூறுல ஏழு போனா எவ்வளவு?’ முப்பது மதிப்பெண் தேர்வு. நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒருவருக்கு ஆங்கிலத் தேதி என்னத்துக்கு? சம்பள நாள் தெரியும், எந்தக் காட்டில் அடுத்த சுற்று பறிப்பு என்று தெரியும், பேத்தியின் ஸ்கூல் பீஸ் எவ்வளவு பாக்கி என்று பைசா சுத்தமாகத் தெரியும். அந்தத் தேர்வு ஞாபகத்தையும் கணக்கையும் அளக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவர் அதில் மதிப்பெண் இழப்பார். மறதி நோயைச் சந்தேகிக்க அது உதவும். இந்த ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க அவரால் முடியுமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

முடிவெடுக்கும் திறன் ஆளுக்கு ஒட்டிய முத்திரை கிடையாது. குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட ஒரு நேரத்தில் இருப்பதோ இல்லாததோதான் அது. வீட்டை விற்கும் பத்திரத்தைப் புரிந்துகொள்ள முடியாதவர் எந்தப் பக்கம் ஊசி போட வேண்டும் என்று சொல்லலாம். சாயங்காலம் ஆறு மணிக்குக் குழம்பிப்போகிறவர் காலை பதினொன்றுக்குத் தெளிவாக இருக்கலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, எல்லாருக்கும் திறன் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. பிறகு மூன்றைப் பார்க்கச் சொல்கிறது. சொன்ன விவரம் புரிகிறதா? முடிவெடுத்தால் அல்லது எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிகிறதா? பேச்சாலோ சைகையாலோ வேறு எப்படியாவதோ முடிவைத் தெரிவிக்க முடிகிறதா? அந்த மூன்றுக்கும் நடுவில் சட்டம் போட்டிருக்கும் சொல் ‘அல்லது’ என்பதை வைத்து, ஒன்று இருந்தால் போதுமா, மூன்றும் வேண்டுமா என்று வல்லுநர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அதைவிட முக்கியமான வரி அதே பிரிவில் இருக்கிறது: அவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சட்டம் மனநலச் சிகிச்சைக்கானது. ஆனாலும் எலும்பு வார்டில் வைத்துப் பார்க்கவும் இதைவிட நல்ல அளவுகோல் நம்மிடம் இல்லை.

பாட்டியிடம் வருவோம். இடுப்பெலும்பு முறிவு. முடிந்தவரை இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் நல்லது. அவர் ‘வேணாம், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்கிறார். மகன் ‘அதுக்கு என்ன தெரியும், நான் கையெழுத்துப் போடறேன் டாக்டர்’ என்கிறார். இந்த இடத்தில் செய்ய வேண்டியது நிறைய.

முதலில் வலி. ஒடிந்த இடுப்போடு இருப்பவரிடம் எதைக் கேட்டாலும் ‘வேணாம், விடுங்க’ என்றுதான் பதில் வரும். வலிக்கு மருந்து கொடுத்து, அது வேலை செய்யும்வரை பொறுத்துக் கேளுங்கள். ஆனால் தூக்கம் சொக்க வைக்கும் அளவுக்குக் கொடுத்துவிட்டும் கேட்கக் கூடாது. ஒன்றுக்கு வந்தால் போகவிட்டு, வாய் நனையத் தண்ணீர் கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டு, மூக்குக் கண்ணாடி எங்கே என்று தேடி எடுத்துப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஊட்டி மார்கழிக் குளிரில் காலை ஏழு மணி ரவுண்ட்ஸில் கேட்பதும், வெயில் ஏறிக் கை கால் இளகியபின் பதினொரு மணிக்குக் கேட்பதும் வேறு வேறு.

பிறகு காது. பாதிப் பேருக்குப் ‘புரியவில்லை’ என்று எழுதுவதெல்லாம் ‘கேட்கவில்லை’தான். காதுக் கருவி இருந்தால் அதன் பேட்டரியைப் பாருங்கள். அந்தச் சின்னப் பொத்தான் பேட்டரி காற்று பட்டால்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரை உரித்த கையோடு மாட்டி மூடினால் சக்தி முழுசாக ஏறாது. ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டு மாட்ட வேண்டும். குளிரில் அதன் சக்தி குறையும். மூடுபனிக் காலத்தில் காதுக்குப் போகும் ட்யூபுக்குள் நீர் முத்து கோத்துக்கொண்டு சத்தத்தை அடைக்கும். கழற்றி ஊதினால் போய்விடும். ராத்திரி ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்கலாம், ஆனால் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு. இல்லையென்றால் பேட்டரியும் சேர்ந்து காய்ந்துவிடும். கருவி இல்லாதவருக்குக் காதருகே கத்துவதால் பயன் குறைவு. முகம் தெரிகிற மாதிரி எதிரே உட்கார்ந்து, மாஸ்க்கை இறக்கி, ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி இருந்து, நிதானமாகப் பேச வேண்டும்.

சொந்தக்காரர்களைப் பத்து நிமிடம் வெளியே அனுப்புங்கள். ‘டீ குடிச்சிட்டு வாங்கண்ணா’ என்றால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மகன் முன்னால் அம்மா சொல்வது ஒன்று, அவர் போனபின் சொல்வது வேறாகவும் இருக்கும். பாட்டி விரும்பினால் பிறகு அவரையே உள்ளே அழைத்துக்கொள்ளலாம். யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் பாட்டியின் முடிவுதான்.

விவரத்தை ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. இரண்டு விஷயம் சொல்லி நிறுத்த வேண்டும். ‘எலும்பு ஒடிஞ்சிருக்கு பாட்டி. அது தானா ஒட்டறது கஷ்டம்.’ நிறுத்தம். ‘உள்ள கம்பி வெச்சுப் பூட்டினா, நாளைக்கோ மறுநாளோ பிடிச்சுட்டு நிக்க வெப்பாங்க.’ நிறுத்தம். ‘பண்ணலேன்னா மாசக் கணக்கில படுக்கணும். முதுகுல புண்ணு வரும், நெஞ்சுல சளி கட்டும்.’ ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சதவீதம் வேண்டாம். ‘உங்க மாதிரி பத்துப் பேர் வந்தா’ என்று விரலை மடக்கிக் காட்டுங்கள். ஆபரேஷன் செய்வது ஒன்று, செய்யாமல் வலியை மட்டும் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இரண்டுமே உண்மையான வழிகள் என்பது பேச்சின் தொனியிலேயே தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுத் தலையாட்டலுக்குக் காத்திருப்பதற்குப் பெயர் கேட்பது இல்லை.

புரிந்ததா என்று தெரிந்துகொள்ள ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பது வீண். எல்லாரும் தலையாட்டுவார்கள், பெரிய டாக்டர் என்றால் இன்னும் வேகமாக. இப்படிக் கேட்கலாம்: ‘நான் ஒழுங்கா சொன்னேனான்னு பாக்கணும் பாட்டி. ராத்திரி உங்க தங்கச்சி போன் பண்ணி, டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டா என்ன சொல்வீங்க?’ ‘காலுக்குள்ள கம்பி வெப்பாங்களாம். வெக்கலேன்னா படுத்த படுக்கைதானாம்’ என்று வந்தால் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘டாக்டர் சொன்னா சரி’ என்று வந்தால் சேரவில்லை. தப்பு சொன்னவருடையது, வேறு வார்த்தையில் மறுபடி சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஏன் என்று கேளுங்கள். ‘வேணாம்கறீங்களே, எதை நெனச்சா பயமா இருக்கு?’ பெரும்பாலும் இங்கேதான் முடிச்சு அவிழும். ‘பையன் கடன் வாங்குவான்’ என்றால் அது தீர்க்கக்கூடிய விஷயம்: அரசு மருத்துவமனையில் காசு கட்ட வேண்டியதில்லை, முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ‘எதிர் வீட்டுக்காரி ஆபரேஷனுக்குப் போய் திரும்பி வரலை’ என்றால் அவருக்கு என்ன ஆனது, இது அதேதானா என்று பேசலாம். ‘ரோட்டுல இருந்து வீட்டுக்கு அறுபது படி. கக்கூஸ் வெளியில. எப்படி இருந்தாலும் நான் நடக்கப் போறதில்ல, என் அடுப்பு முன்னாடியே கெடக்கறேன்’ என்றால் அது அறியாமை இல்லை. தன் வீட்டையும் உடம்பையும் எடைபோட்டுச் சொன்ன பதில். படுக்கையோரக் கழிப்பு நாற்காலி வாங்கலாம், கீழ் வீட்டில் இரண்டு மாதம் தங்கலாம் என்று சொல்லிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

படுகர் ஹட்டிகளில் (ஊர்களில்) இப்படிக் காரணத்தோடு வேண்டாம் என்பதற்கு ஒரு பழகிய வடிவம் உண்டு. ‘ஹெத்தையம்மன் பண்டிகை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்’ என்று கண் ஆபரேஷனையோ குடலிறக்க ஆபரேஷனையோ தள்ளிப்போடுவார்கள். வெளியூர் டாக்டருக்கு இது மூடநம்பிக்கையாகத் தெரியும். டிசம்பர் ஜனவரியில் வரும் அந்தப் பண்டிகைக்குப் பேரகணிக்குப் போகாமல் வார்டில் படுத்திருப்பது அவர்களுக்கு என்ன இழப்பு என்பதையும் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று வாரம் தள்ளினால் ஆபத்து உண்டா, இல்லையா? அதை நேராகச் சொல்லிவிட்டால் போதும்.

மொழி நீலகிரியில் தனிப் பிரச்சினை. ஒரே வார்டில் படுகு, பணியர் மொழி, மலையாளம், கன்னடம், எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்த வடக்கத்தியர் பேசும் இந்தி எல்லாம் இருக்கும். ஒப்புதல் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மொழிபெயர்க்கப் பேரனையோ அட்டெண்டரையோ இழுத்துவருவார்கள். பாட்டி இரண்டு நிமிடம் பேசுவார். பேரன் ‘சரின்னு சொல்றாங்க’ என்பான். இரண்டு நிமிடப் பேச்சு இரண்டு வார்த்தையானால் நடுவில் எதுவோ விழுந்துவிட்டது என்று பொருள். ‘அப்படியே சொல்லுப்பா, சுருக்காதே’ என்று நிறுத்த வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இந்த வேலைக்கு வைக்கவே கூடாது, முக்கியமாகக் கருப்பை, சிறுநீர், சாவு பற்றிய பேச்சில். கூடலூர்ப் பக்கம் பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பழங்குடிக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன் பரிசோதனை, கர்ப்பத்தில் என்ன செய்வது என்கிற பேச்செல்லாம் வரும். அங்கே ஊர்க்காரரே மொழிபெயர்த்தால் மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும். அதே மொழி தெரிந்த, அதே ஊரைச் சேராத சுகாதாரப் பணியாளர் சரியான ஆள்.

இன்னொன்றைத் தவறவிடக் கூடாது. ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசினாங்க, இன்னைக்கு யார் யாரையோ கூப்பிடறாங்க’ என்றால் அது வயசோ மறதி நோயோ அல்ல. ஒன்றிரண்டு நாளில் வரும் குழப்பம் டெலிரியம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை ஏறியது இறங்கியது, மலச்சிக்கல், புது மாத்திரை, சில நேரம் வலி மட்டுமே கூடக் காரணம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உயிருக்கு அவசரம் இல்லாத எந்தக் கேள்வியும் அதுவரை காத்திருக்கலாம். அந்த இரண்டு நாள் குழப்பத்தை வைத்து ‘புத்தி சுவாதீனம் இல்லை’ என்று எழுதி, அதை ஆதாரமாக்கிச் சொத்து மாற்றும் வேலையும் நடக்கிறது.

மனநலச் சிகிச்சையில் சட்டம் இன்னும் தெளிவு. வயதுவந்த யாரும் தன் சார்பில் பேச ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். பத்திரம் வேண்டாம், வக்கீல் வேண்டாம். சாதா வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும் என்கிறது அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. மனைவியாகவோ மகனாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. நம்பிக்கையான தோழி போதும். பிடிக்கவில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்தப் பிரதிநிதியின் வேலை தனக்குச் சரியென்று படுவதைச் சொல்வது இல்லை. அந்த நபரின் விருப்பம், வாழ்ந்த விதம், பழக்கவழக்கம் இவற்றைப் பார்த்து அவர் முடிவெடுக்கத் துணை நிற்பது. நோய் முற்றினால் என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம் என்பதை நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்க முன்கூட்டிய அறிவுறுத்தலும் உண்டு.

குடிநோயும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. தீபாவளி போனஸ் முடிந்த வாரங்களில் நான்கு தடித்த ஆட்கள் வேனில் வந்து, வீட்டுக்காரரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு சமவெளியில் உள்ள மறுவாழ்வு மையத்துக்கு இறங்குவது மலையில் புதுசு இல்லை. பணம் கட்டியவர் மனைவி, கையெழுத்தும் அவர்தான். சட்டப்படி அப்படி ஒரு வழியே கிடையாது. விருப்பம் இல்லாதவரைச் சேர்க்க 89-ஆவது பிரிவில் கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன: பிரதிநிதியின் விண்ணப்பம், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகச் சேர்க்கும் அன்றோ முந்தைய ஏழு நாளுக்குள்ளோ பரிசோதித்திருப்பது, தனக்கோ பிறருக்கோ ஆபத்து அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை. அதிகபட்சம் 30 நாள். சேர்த்த 7 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். பெண் என்றால் 3 நாள். சங்கிலி போடுவது எந்த நிலையிலும் குற்றம். அவசரச் சிகிச்சை 72 மணி நேரம்தான். வடகிழக்கு மாநிலங்களுக்குப் பாதை கஷ்டம் என்று சட்டமே அதை 120 மணியாக்கியது. பந்தலூரில் மண் சரிந்து ரோடு அடைபட்டாலும், அரசு அதைப் பேரிடர் என்று அறிவிக்காதவரை நமக்கு 72தான். பணம் கட்டும் முன் வீட்டார் கேட்க வேண்டியது இரண்டு: மையம் மனநல நிறுவனமாகப் பதிவாகியிருக்கிறதா, மனநல மருத்துவர் எந்த நாள் வருகிறார். இரண்டுக்கும் மழுப்பினால் வேனைத் திருப்பி அனுப்புங்கள். முதலில் 14416 டெலி மானஸில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், பேசலாம், இலவசம்தான்.

பணமும் சொத்தும் தனி வலி. மறதி நோய் தொடங்கியதும் குடும்பங்கள் செய்வது, ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் அப்பாவிடம் ‘பவர்’ எழுதி வாங்குவது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் முடிந்துவிடும். எதற்காக வாங்கினார்களோ அந்த நாள் வரும்போது அது வெற்றுத் தாள். இங்கிலாந்தில் திறன் போனபிறகும் நீடிக்கும் பவருக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கலாம், ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும். மறதி நோய் அதில் இல்லை.

பென்ஷன் எடுப்பதற்கு இவ்வளவு தூரம் போகத் தேவையும் இல்லை. கையெழுத்துப் போட முடியாத முதியவர் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே அதுதான். மேனேஜர் ‘கார்டியன் ஆர்டர் கொண்டு வாங்க’ என்றால் இதைச் சொல்லிக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 13-ஆவது பிரிவில் இன்னொரு கடிவாளம் போட்டிருக்கிறது: துணை நிற்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு பணப் பரிமாற்றத்தில் நலன்கள் மோதினால் துணை நிற்பவர் அதிலிருந்து விலக வேண்டும். தம்பி பெயருக்குத் தோட்டம் எழுதும் நாளில் தம்பியே ‘அண்ணனுக்குப் புரிய வைக்க’ உட்காரக் கூடாது.

முதியோர் இல்லங்களில் பெரிய முடிவுகளை விடச் சின்ன முடிவுகள்தான் அதிகம் பறிபோகின்றன. குளிர் 5 டிகிரியில் காலை ஆறு மணிக்கு வரிசையாகக் குளிப்பாட்டுவது ஊழியருக்கு வசதி. ‘மத்தியானம் குளிக்கறேன்’ என்பவரை ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்று நோட்டில் எழுதுகிறார்கள். எந்த ஸ்வெட்டர், டீயில் எவ்வளவு சர்க்கரை, போனை யார் வைத்திருப்பது, கேட்டைத் தாண்டி ரோட்டோரம் உட்காரலாமா என்பதையெல்லாம் சேர்க்கும் அன்றே அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

மறுபடி அந்தப் பாட்டி. எல்லாம் செய்தபின்னும் வேண்டாம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் ஷீட்டில் ‘நோயாளி விரும்பவில்லை’ என்று ஒற்றை வரி எழுதிக் கைகழுவக் கூடாது. எத்தனை மணிக்கு, எந்த மொழியில், யார் முன்னிலையில், காதுக் கருவி மாட்டியிருந்ததா, என்னென்ன வழிகள் சொன்னோம், அவர் திருப்பிச் சொன்ன வார்த்தைகள் என்ன, வேண்டாம் என்றதற்குச் சொன்ன காரணம் என்ன என்பதையெல்லாம் அவர் வாய்மொழியிலேயே எழுத வேண்டும். ஆபரேஷனைத்தான் மறுத்திருக்கிறார், வைத்தியத்தை அல்ல. வலிக்கு மருந்து தொடரும். காலுக்கு எடை கட்டுவதா வேண்டாமா என்று பார்க்க வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி நிவாரணப் பராமரிப்புக்கும் பிசியோதெரபிக்கும் பெயர் பதிய வேண்டும். அறுபது படி தூக்கிப்போக நாற்காலியும் நாலு ஆளும் வேண்டும். கிளம்பும் முன், அடுத்த நாள் பதினொரு மணிக்கு இன்னொரு முறை, மகன் டீ குடிக்கப் போயிருக்கும்போது, பாட்டியிடமே கேட்க வேண்டும்: ‘நேத்து சொன்னதுதானா பாட்டி, இல்ல மாத்தணும்னு தோணுதா?’